எழும்பினவர்தானே

கார்த்திகைக் காற்று டைக் வீதிக்குள் திரும்பினால்
முதலில் தகரத்தைத்தான் தேடும்.
எங்கள் குசினிக் கூரையில் எட்டுத் தகடு.
எட்டும் தனித்தனிக் குரலில் கத்தும்.

கரண்ட் போய் ஒன்றரை மணித்தியாலம்.
இவருக்குச் சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை,
போன் எடுக்கவில்லை.
டிலோஜன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்
இறங்கிவிட்டான், கால்களை மடக்கி,
ஒரு பள்ளிக்கூடப் பையளவு இடத்தில்.

"பயப்படாதே, இயேசு இருக்கிறார்."
சொன்னேன்.
எத்தனை தரம் சொல்லியிருப்பேன் இதை:
ஊசி போட்ட நாளில்,
நாய் துரத்திய நாளில்,
கடல் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று
பள்ளியில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து
சப்பாத்தோடு படுத்த அந்த இரவில்.
காய்ச்சல் குளிசையைப் பாதியாய் உடைத்து
ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொடுப்பது போல.

"அம்மா," என்றான்,
"உங்கட கை நடுங்குது."

நடுங்கியது.
அவன் தலையில் ஆசீர்வாதமாய் வைத்த கை.

கடற்படை பயிற்சிக்குச் சுடும் நாட்களில்
சத்தம் முடியுமுன்னே
மேசைக்குக் கீழே பாதி குனிந்திருப்பேன்.
நிமிர்ந்து, கரண்டி விழுந்ததென்பேன்.
கரண்டி என் கையிலேயே இருக்கும்.
அதையும் பார்த்திருக்கிறான் போல.
நான் ஊட்டாத ஒன்றை
எந்த நேரத்தில் உண்டான் இவன்?

நானும் இறங்கினேன் அந்த இடுக்குக்குள்.
இடுப்புக் கொள்ளவில்லை.
கட்டிலைக் காலால் உதைத்துத் தள்ளினேன்.
மெழுகுதிரி வைக்க இடமில்லை,
இருட்டுக்குள்ளேயே செபம்.
"ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு."
மகன் கேட்க, என் வாயால், முதல் தரம்.
கொஞ்ச நேரம் தகரங்கள்தான்
ஆமென் சொல்லிக்கொண்டிருந்தன.
பிறகு அவன்: "எனக்கும்."
அவ்வளவுதான் செபம்.

பிறகு கேள்விகள்.
அவன் கேள்வி கேட்கத் தொடங்கினால்
கால்வாசிப் பயம் இறங்கிற்று என்று அர்த்தம்.

அந்த வள்ளத்தில நித்திரை கொண்டவர்,
தலகணி வச்சிருந்தவரா?
ஓம், அப்படித்தான் எழுதியிருக்கு.
ஆருடைய தலகணி?
தெரியாது. வள்ளக்காரருடையதாயிருக்கும்.
மீன் மணக்குமே.
மணக்கும்.
தண்ணி வந்தும் எழும்பேல்லையா?
களைப்பு. பகல் முழுக்கச் சனம்.
எழுப்பினதுக்குக் கோவிச்சவரா?
கொஞ்சம்.

ஆணி கழன்று ஒரு தகடு ஓங்கி அறைந்தது.
அவன் என் சட்டையைப் பிடித்தான்.
நான் அவனுடையதை.

"ஆனா, எழும்பினவர்தானே?"
"எழும்பினவர்."
"அப்ப சரி."

காற்று அதைக் கேட்டு ஓய்ந்துவிடவில்லை.
மூன்று மணி தாண்டியும் அடித்தது.
அதற்குள் அவன் என் முழங்காலில் வாய் திறந்து
எச்சில் வடியத் தூங்கிவிட்டான்.
நான் விழித்திருந்தேன், பயத்தோடு,
ஆனால் அதை ஒளிக்கிற வேலை இல்லாமல்.
பிறகு எப்போது கண்ணயர்ந்தேனோ.

விடியப் பார்த்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று
எங்கள் மதிலோடு ஒண்டி நிற்கின்றன.
எட்டாவது தகடு பக்கத்து வீட்டு வேலியில்.
டிலோஜனின் சின்னத் தலகணியைக் காணவில்லை.
வாசற்கதவடியில் இருந்தது அது,
கதவுக்குக் கீழால் வந்த தண்ணீரில் பாதி ஊறி,
யாரோ வந்து தலைசாய்க்க
வாகாய் வைத்த மாதிரி.

மழையில் மா பசையாகிப்போன தலையோடு
இவர் கதவைத் திறந்து
காலை உள்ளே வைக்கப் போனார்.

"மெல்ல," என்றேன்.